தேவாலய ஜன்னலில் கண்ணாடி வழிந்து இறங்குகிறதா?

பார்வைக்குத் திடப்பொருள் மாதிரி இருந்தாலும் கண்ணாடி உண்மையில் மிக மெதுவாக ஓடும் ஒரு திரவம் என்று நம்மில் பலர் பள்ளியிலேயே கேட்டிருப்போம். ஆதாரம் கேட்டால் ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களைக் காட்டுவார்கள். அங்குள்ள 700, 800 ஆண்டுப் பழைய ஜன்னல் கண்ணாடிகள் மேலே மெல்லிசாகவும் அடியில் தடிப்பாகவும் இருக்கின்றனவாம். இத்தனை நூற்றாண்டில் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து அடியில் சேர்ந்துவிட்டதாம். இந்தியாவில் இது வாய்வழிச் செய்தியோடு நிற்கவில்லை. என்.சி.இ.ஆர்.டி.யின் 12ஆம் வகுப்பு வேதியியல் பாடநூலில், திடநிலை பற்றிய அத்தியாயத்திலேயே இந்த ஜன்னல் கதை பல ஆண்டுகள் இருந்தது. படிகமற்ற திண்மங்களுக்கு மெதுவாக ஓடும் இயல்பு உண்டு, ஆகவே அவை போலித் திண்மங்கள் அல்லது அதிகுளிர் திரவங்கள் என்று அது சொன்னது. பாடச்சுமையைக் குறைத்தபோது அந்த அத்தியாயமே நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதைப் படித்துத் தேறியவர்கள்தான் இன்று ஆசிரியர்களாக வகுப்பில் நிற்கிறார்கள். கதை அதனால் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். நம் வீட்டு ஜன்னலில் இருப்பது திடப்பொருள்தான். அது வழியவில்லை, நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் வழியப் போவதில்லை. அதே சமயம் கண்ணாடிக்குள் திரவத்தின் குணம் ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அந்தக் குணத்தை ஓட்டம் என்று தவறாக எடுத்துக்கொண்டதில்தான் சிக்கலே தொடங்கியது. அது என்ன என்பதைப் பார்ப்பதற்கு முன் இந்த ஜன்னல் விவகாரத்தை முடித்துவிடுவோம்.

பழங்காலத்தில் தட்டையான கண்ணாடி செய்வது லேசான வேலை அல்ல. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெருவழக்காக இருந்தது கிரௌன் முறை. ஊதுகுழலின் நுனியில் உருகிய கண்ணாடியை எடுத்துப் பெரிய குமிழியாக ஊதுவார்கள். குமிழியின் மறுபக்கத்தில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டிக்கொண்டு ஊதுகுழலை உடைத்து எடுத்துவிடுவார்கள். இப்போது குமிழியில் ஒரு வாய் திறந்திருக்கும். அதை உலை வாயில் மறுபடி சூடாக்கிக் கம்பியோடு வேகமாகச் சுழற்றினால் வாய் அகன்றுகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் சட்டென்று விரிந்து, ஒரு மீட்டருக்கும் மேல் அகலமான வட்டத் தட்டாகிவிடும். நடுவில் கம்பி ஒட்டியிருந்த இடத்தில் ஒரு தடித்த முடிச்சு நிற்கும். இந்தத் தட்டிலிருந்துதான் சின்னச் சின்னச் சில்லுகளாக வெட்டி எடுப்பார்கள். கையால் சுழற்றிய தட்டு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் எப்படி வரும்? வெட்டிய சில்லில் ஒரு ஓரம் தடிப்பு, மறு ஓரம் மெல்லிசு. நீளமான உருளையாக ஊதி, நெடுக வெட்டி, சூட்டில் விரித்துத் தட்டையாக்கும் முறையும் இருந்தது. அதிலும் மேடு பள்ளம் தப்பாது.

ஜன்னலில் பொருத்துகிறவர் கையில் ஒரு பக்கம் கனமான சில்லு கிடைத்தால் கனமான ஓரத்தை அடியில் வைப்பதுதான் இயல்பு. அப்படி வைத்தால்தான் அது ஆடாமல் உட்காரும். அதனால் அடி தடித்த சில்லுகள் நிறையவே உண்டு. ஆனால் அதே பழைய கட்டடங்களில் தடித்த ஓரம் மேலேயோ பக்கவாட்டிலோ இருக்கும் சில்லுகளும் உண்டு. கண்ணாடி வழிந்தது என்றால் இவை மேல்நோக்கி வழிந்தனவா?

இரு பக்கமும் ஒரே சீராக வரும் கண்ணாடி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது 1959இல் பில்கிங்டன் நிறுவனம் மிதவைக் கண்ணாடி முறையை அறிவித்த பிறகுதான். உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை ஊற்றினால் அது தானாகவே மட்டமாகப் பரவிக்கொள்ளும். சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஜன்னல் கண்ணாடியும் இப்படி வருவதுதான். இந்தச் சமதளத்துக்குப் பழகிய கண்ணுக்குப் பழைய கண்ணாடியின் மேடு பள்ளம் ஏதோ காலப்போக்கில் நடந்த விபரீதம் மாதிரி தெரிகிறது.

அந்தத் தேவாலய ஜன்னல்களில் உண்மையிலேயே மெல்ல உருக்குலைந்து வளைகிற ஒரு பொருள் இருக்கிறது. வண்ணச் சில்லுகளைக் கோத்துப் பிடிக்கும் ஈயப் பட்டைகள்தான் அது. ஈயம் அசல் படிகத் திடப்பொருள், அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டது. ஆனாலும் அறை வெப்பநிலையிலேயே சொந்த எடைக்கு இணங்கி நீளும். பழைய வண்ண ஜன்னல்கள் வயிறு தள்ளினாற்போல் புடைத்து நிற்பதற்கு ஈயத்தின் இந்தத் தளர்ச்சிதான் முக்கியக் காரணம். பனிக்கட்டியும் படிகம்தான், பனிப்பாறைகள் மலைச்சரிவில் ஆறு மாதிரி இறங்கிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆக, மெதுவாக ஓடுகிறதா என்பதை வைத்து ஒன்று திடமா திரவமா என்று முடிவு கட்டவே முடியாது. பாடநூல் இங்கேதான் சறுக்கியது.

சரி, கண்ணாடி கொஞ்சமாவது ஓடுமா? இதைக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். பிரேசிலைச் சேர்ந்த எட்கர் சனோட்டோ 1998இல் அமெரிக்க இயற்பியல் இதழ் ஒன்றில் இந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டே குப்தா என்பவருடன் சேர்ந்து அந்தக் கணக்கைத் திருத்தினார். எண்கள் மாறின, முடிவு மாறவில்லை: கண்ணுக்குத் தெரியும்படி ஓட வேண்டும் என்றால் பிரபஞ்சத்தின் வயது போதாது. 2017இல் ஜான் மாரோ குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் இடைக்காலக் கண்ணாடியில் என்னென்ன கலந்திருந்ததோ அதே கலவையில் புதிதாகக் கண்ணாடி உருக்கி அதன் பாகுநிலையை, அதாவது ஓட அது எவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறது என்பதை, ஆராய்ந்தார்கள். அறை வெப்பநிலையில் அதன் பாகுநிலை, முன்பு மதிப்பிட்டதைவிட ஏறத்தாழ 16 சுழியம் குறைவு என்று தெரிந்தது. கண்ணாடி நினைத்ததைவிடக் கோடி கோடி மடங்கு இளகியது என்று அர்த்தம். அப்படியும் அந்த ஜன்னல் எவ்வளவு வழியும்? 100 கோடி ஆண்டில் அதிகபட்சம் ஒரு நானோமீட்டர், அதாவது சில அணுக்களின் அகலம்.

இந்த அளவு மனதில் நிற்க ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் நடக்கும் தார் சோதனை உதவும். தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927இல் ஒரு புனலில் கெட்டியான தாரை ஊற்றி, அது அடங்கி உட்கார மூன்று ஆண்டு விட்டு, 1930இல் புனலின் அடிமுனையை வெட்டிவிட்டார். அந்தத் தாரைச் சுத்தியலால் தட்டினால் கண்ணாடி மாதிரியே சில்லுச் சில்லாக உடையும். ஆனால் அது திரவம். சொட்டு விழுகிறது. முதல் சொட்டு 1938இல் விழுந்தது, எட்டாவது 2000இல், ஒன்பதாவது 2014இல். பல பத்தாண்டுகள் அந்தச் சோதனையைக் காத்துவந்த ஜான் மெயின்ஸ்டோன் ஒரு சொட்டு விழுவதைக்கூடத் தன் கண்ணால் பார்க்காமலே 2013இல் இறந்துபோனார். தாரின் பாகுநிலையையும் வெஸ்ட்மின்ஸ்டர் கண்ணாடியின் பாகுநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தார் பத்தாண்டில் செய்வதைக் கண்ணாடி செய்து முடிக்கப் பிரபஞ்சத்தின் இன்றைய வயதைப்போல ஒரு கோடி மடங்கு காலம் வேண்டும். இதற்குப் பிறகும் இரண்டையும் ஓடும் பொருள் என்று ஒரே கூடையில் போடுவது நியாயமில்லை.

கணக்கை நம்பாதவர்களுக்குத் தெருவிலேயே சாட்சி இருக்கிறது. காரின் பின்பக்கக் கண்ணாடி பதப்படுத்திய கண்ணாடி, நாம் டெம்பர்டு என்று சொல்வது. சூடான கண்ணாடியின் மேற்பரப்பைக் காற்றடித்துச் சட்டென்று ஆறவைப்பதால் மேற்பரப்பு இறுக்கி அழுத்தப்பட்ட நிலையிலும் உள்பகுதி இழுபட்ட நிலையிலும் உறைந்துவிடும். போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தால் வரிசை வரிசையாகக் கருந்திட்டுகள் தெரியும். காற்றுக் குழல்கள் அடித்த இடங்களின் அழுத்தத் தடம் அது. கண்ணாடி துளியளவு ஓடினாலும் இந்த இழுவிசையும் அழுத்தமும் தளர்ந்து சமமாகிவிட வேண்டும், திட்டுகள் மறைய வேண்டும். முப்பது வருடம் வெயிலில் நின்ற காரில்கூட அவை அப்படியே இருக்கின்றன. கல் பட்டால் அந்தக் கண்ணாடி இன்றும் பொடிப்பொடிக் கட்டிகளாகத்தான் நொறுங்கும்.

இனி அந்தத் திரவக் குணம். பெரும்பாலான பொருட்கள் ஆறும்போது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் படிகமாகின்றன. அதுவரை தாறுமாறாக அலைந்த அணுக்கள் வரிசையில் வந்து நிற்கும், கன அளவு சட்டென்று மாறும். கண்ணாடியில் அப்படி ஒரு கணமே கிடையாது. மணல், சோடா, சுண்ணாம்பு சேர்த்து 1500 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கிய கலவை ஆற ஆறத் தேன் பதம் ஆகும், பிறகு மாவுப் பதம், பிறகு இழுத்தால் நீளும் பதம். ஏறக்குறைய 550 டிகிரியில் அதன் பாகுநிலை தண்ணீரைப்போல ஆயிரம் லட்சம் கோடி மடங்காகிவிடும். அதற்கு மேல் அணுக்களால் இடம் மாற முடிவதில்லை. எந்த இடத்தில் மாட்டிக்கொண்டனவோ அங்கேயே நின்றுவிடுகின்றன. அவற்றின் அமைப்பு கடைசிக் கணத்தில் திரவத்தில் இருந்த அதே அமைப்பு, வரிசை இல்லாதது. கண்ணாடியில் இருக்கும் திரவக் குணம் இதுதான். 1932இல் வில்லியம் சகாரியாசன் இதை அழகாக விளக்கினார். குவார்ட்ஸ் படிகத்திலும் சிலிக்கா கண்ணாடியிலும் ஒவ்வொரு சிலிக்கான் அணுவையும் சுற்றி நான்கு ஆக்சிஜன்தான். பிணைப்பும் கிட்டத்தட்ட அதே பலம்தான். வித்தியாசம், படிகத்தில் அந்த அமைப்பு திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகிறது, கண்ணாடியில் கோணங்கள் கொஞ்சம் கொஞ்சம் பிசகிக்கொண்டே போவதால் மொத்த வலையும் ஒழுங்கில்லாமல் பின்னப்பட்டிருக்கிறது.

இது உலையில் மட்டும் நடக்கும் சங்கதி என்று நினைக்க வேண்டாம். கடலை மிட்டாய்க்கு வெல்லப்பாகு காய்ச்சும்போது ஒரு துளியைப் பச்சைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்ப்போம். மெத்தென்று உருண்டால் போதாது, எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் வந்த கணத்தில் கையில் இருப்பது கண்ணாடி. உவமைக்காகச் சொல்லவில்லை, இயற்பியல் வரையறைப்படியே கண்ணாடி. தண்ணீர் வற்றி, சர்க்கரை மூலக்கூறுகள் படிகமாக வரிசைகட்ட நேரம் கிடைப்பதற்குள் ஆறி உறைந்துவிட்டன. நேரம் கொடுத்துக் கிளறினால் அதே பாகு மறுபடி சர்க்கரையாகப் பொரிந்துவிடும். ஜாமூன் பாகில் நாலு சொட்டு எலுமிச்சை பிழிவது அதைத் தடுக்கத்தான். எலுமிச்சையின் புளிப்பு சர்க்கரையில் ஒரு பங்கைக் குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாக உடைத்துவிடும். கலப்படமான கூட்டம் வரிசைக்கு வராது. மழைக்காலத்தில் டப்பாவைச் சரியாக மூடாவிட்டால் கடலை மிட்டாய் பிசுபிசுக்கும். காற்றின் ஈரம் உள்ளே போய் உறையும் வெப்பநிலையைக் கீழே இறக்கிவிடுவதால், கண்ணாடியாக இருந்தது திரும்பவும் இளகுகிறது.

550 டிகிரி என்று மேலே சொன்னேன், அது பனிக்கட்டியின் பூஜ்ஜியம் டிகிரி மாதிரி கறாரான எண் இல்லை. மெதுவாக ஆறவைத்தால் சில டிகிரி கீழே போய் உறையும், வேகமாக ஆறவைத்தால் சில டிகிரி மேலேயே உறைந்துவிடும். ஆறிய வேகத்தைப் பொறுத்து ஒரே கலவையிலிருந்து அடர்த்தியில் லேசாக வேறுபட்ட கண்ணாடிகள் கிடைக்கும். உருகுநிலைக்குக் கீழே, இன்னும் அணுக்கள் நகர்ந்துகொண்டிருக்கும் கட்டத்துக்குத்தான் அதிகுளிர் திரவம் என்று பெயர். உறைந்த பிறகு அது அந்தப் பெயரைத் தாண்டி வந்துவிடுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஸ்டாவ் டாமன் போன்றவர்கள் கண்ணாடியை உறைந்துபோன அதிகுளிர் திரவம் என்று வர்ணித்தார்கள். 'உறைந்துபோன' என்பது பிற்பாடு எங்கேயோ உதிர்ந்துவிட்டது.

உறைந்த பிறகு உள்ளே ஒன்றுமே நடக்காதா என்றால், நடக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சான்று ஜேம்ஸ் ஜூலின் வெப்பமானி. 1844இலிருந்து 1882 வரை, 38 ஆண்டுகள், ஒரே பாதரச வெப்பமானியைப் பனிக்கட்டியில் வைத்துப் பூஜ்ஜியப் புள்ளி எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனது. குமிழ்க் கண்ணாடி உள்ளுக்குள் இறுகிச் சுருங்கியதால் பாதரசம் மேலே தள்ளப்பட்டது. 2013இல் கைபேசித் திரைகளுக்கான கொரில்லா கண்ணாடியில் ஒரு மீட்டர் நீளப் பலகையை ஒன்றரை ஆண்டு அளந்து பார்த்தார்கள். மொத்தமாக ஏறத்தாழ 10 மைக்ரான் சுருங்கியிருந்தது, அதில் பாதி முதல் சில நாட்களிலேயே. இது எடை தாங்காமல் வழிவது கிடையாது. பலகையைப் படுக்க வைத்தாலும் நிற்க வைத்தாலும் எல்லாப் பக்கமும்தான் சுருங்கும். அவசரத்தில் உறைந்த அணுக்கள் இடம் பெயராமலே கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொள்கின்றன, அவ்வளவுதான்.

பழைய ஜன்னல்களுக்கு நிஜமான ஆபத்தும் வேறு இடத்தில் இருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் மரச் சாம்பலைச் சேர்த்துக் கண்ணாடி செய்தார்கள். அந்தப் பொட்டாசியம் மிகுந்த கண்ணாடியிலிருந்து மழையும் ஈரமும் காரப்பொருளை மெல்ல உறிஞ்சி எடுக்கும். மேற்பரப்பு குழிகுழியாக அரித்து, பால் படிந்தாற்போல் மங்கும். வண்ண ஜன்னல்களைச் செப்பனிடுபவர்கள் போராடுவது இதோடுதான். வழிந்து இறங்கும் கற்பனைக் கதை இத்தனை பிரபலமாக இருக்க, அரித்துப்போகும் உண்மைக் கதை யாருக்கும் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான். தண்ணீரே இல்லாத இடத்தில் கண்ணாடி எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு நிலா சாட்சி. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 விண்வெளி வீரர்கள் ஒரு பள்ளத்தின் விளிம்பிலிருந்து ஆரஞ்சு நிற மண் எடுத்து வந்தார்கள். எரிமலை பீறிட்டபோது தெறித்து உறைந்த நுண்ணிய கண்ணாடி மணிகள் அவை. வயது 350 கோடி ஆண்டுக்கும் மேல். வழியவில்லை, இன்னும் உருண்டை உருண்டையாகவே இருக்கின்றன.

இயற்பியலாளர்களைத் தூங்கவிடாத கேள்வி வேறு. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஓட்டம் ஏன் நின்றது என்று கேட்டால் அணுக்களின் அமைப்பைக் காட்டலாம். திரவம் கண்ணாடியாகும்போது பாகுநிலை லட்சம் கோடி மடங்கு ஏறுகிறது, எக்ஸ்ரேயில் பார்த்தால் அணு அமைப்பில் சொல்லும்படி ஒரு மாற்றமும் இல்லை. அப்படியானால் அதை நிறுத்தியது எது? 1948இல் வால்டர் காஸ்மன் இதற்குள் இன்னொரு முடிச்சைக் காட்டினார். ஒரு திரவத்தைப் படிகமாகவும் விடாமல், உறையவும் விடாமல், மிக மிக மெதுவாகக் குளிர்வித்துக்கொண்டே போக முடிந்தால், ஒரு கட்டத்தில் அதன் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, படிகத்தின் என்ட்ரோபியைவிடக் குறைந்துவிடும்போலத் தெரிகிறது. வரிசையே இல்லாத திரவம் வரிசைகட்டிய படிகத்தைவிட எப்படி ஒழுங்காக இருக்க முடியும்? அதற்கு முன்னால் ஏதோ நடந்தாக வேண்டும். என்ன நடக்கிறது என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. நோபல் பரிசு பெற்ற ஃபிலிப் ஆண்டர்சன், திடநிலை இயற்பியலில் தீர்க்கப்படாத மிக ஆழமான பிரச்சினை கண்ணாடியின் தன்மையாகத்தான் இருக்கும் என்று 1995இல் எழுதினார். ஒழுங்கற்ற அமைப்புகளைப் பற்றிய வேலைக்காக ஜார்ஜோ பாரிசிக்கு 2021இல் நோபல் கிடைத்தது, பிரச்சினை மட்டும் முடியவில்லை.

ஆய்வகத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகள் காத்திருக்க முடியாதே என்பதற்குச் சாமர்த்தியமான வழிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். மரப்பிசின் இறுகி உருவாகும் அம்பரும் ஒரு கண்ணாடிதான். 2013இல் ஒரு குழு, டொமினிக்கன் குடியரசில் கிடைத்த 2 கோடி ஆண்டுப் பழைய அம்பரை எடுத்துச் சோதித்தது. காத்திருக்கும் வேலையைப் பூமி ஏற்கெனவே செய்து வைத்திருந்தது. விஸ்கான்சினில் மார்க் எடிகர் குழுவினர் 2007இல் எதிர்த்திசையில் போனார்கள். மூலக்கூறுகளை ஆவியாக்கி, அளவான சூட்டில் இருக்கும் பலகையின் மேல் ஒவ்வொன்றாகப் படியவிட்டால், ஒவ்வொன்றுக்கும் மேற்பரப்பில் நல்ல இடம் தேடிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. சாதாரணக் கண்ணாடியை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வைத்திருந்தால்தான் வரும் இறுக்கம் சில மணி நேரத்தில் வந்துவிடுகிறது.

எடிகர் குழு அதற்குப் பயன்படுத்திய பொருட்களில் ஒன்று இண்டோமெதசின், வலிக்குக் கொடுக்கும் மாத்திரை. மருந்துத் துறைக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. பல மருந்துகள் படிகமாக இருந்தால் வயிற்றில் சரியாகக் கரைவதில்லை, கண்ணாடி நிலையில் இருந்தால் நன்றாகக் கரைகின்றன. ஆனால் எந்தக் கண்ணாடிக்கும் கடைசிப் போக்கிடம் படிகம்தான். ஜன்னல் கண்ணாடிக்கு அந்த நாள் யுகங்களுக்கு அப்பால் இருக்கிறது. மாத்திரைக்கு ஈரமும் சூடும் சேர்ந்தால் சில மாதங்களிலேயே வந்துவிடலாம். அதனால் கண்ணாடி நிலை மருந்துகளை அவற்றின் உறைவு வெப்பநிலையிலிருந்து சுமார் 50 டிகிரி கீழே வைக்க வேண்டும் என்று ஒரு பொது விதி வைத்திருக்கிறார்கள். மூலக்கூறுகள் நகராமல் இருக்கப் பாலிமர் கலக்கிறார்கள். ஈரம் புகாத அலுமினியப் பட்டையில் ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியாக அடைக்கிறார்கள்.